இடது கைக் கணக்கு

இன்று காலை மஞ்சள் பெட்டியைத் திறந்தேன். மூடி விலகியதும் நம் நாலா ஓடையின் நாற்றம் முகத்தில் அடித்தது. அலையாத்திச் சேறு, அழுகிய இலை, உப்பு, கூடவே நீ கேபிள்மேல் தடவி வைக்கும் தேங்காய் எண்ணெய். "காத்துல உப்பு இருக்குடி, எண்ணெ போட்டாத்தான் நிக்கும்" என்பாய். எண்ணெய் போட்டால் ரப்பர்தான் கெடும் என்று ஒவ்வொரு தடவையும் நான் கத்துவேன். நீ கேட்டதே இல்லை. கேபிள் சுருளில் உன் சிவப்பு முடி ரப்பர் அப்படியே மாட்டிக் கிடந்தது. அதில் ஒன்றிரண்டு முடியும் சிக்கியிருந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதில் ஒரு வீம்பு வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்று கூட்டம் நடந்தது. அதில் என்ன ஆனது என்று உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ என்னைத் தூங்க விடமாட்டாய். ஆனால் நேரே அங்கே போய் நின்றால் எனக்குச் சொல்ல வராது. "கதைய வாலுலேருந்து ஆரம்பிக்காத ஜொகரா" என்று நீயே எத்தனை முறை அதட்டியிருக்கிறாய். தலையிலிருந்தே வருகிறேன்.

இந்தப் பெட்டி கப்பலில் நம் தீவுக்கு வந்து ஹேடோ துறைமுகத்தில் இறங்கிய நாளை மறந்திருக்க மாட்டாய். ஒரே மீன்வள ஆபீசில் வருஷக்கணக்காக இருந்தும் அதுவரை நாம் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவந்த எண்களைக் கூட்டுகிறவள். நீ படகும் வலையுமாகக் கிரீக் கிரீக்காக, உப்பங்கழியெல்லாம் சுற்றுகிறவள். என் வீடு இருக்கும் பகுதியை வைத்து என்னை "லம்பா லைன் மகாராணி" என்று நீ சொல்வதாக எனக்குத் தகவல் வந்திருந்தது. உன்னை நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது வேண்டாம். பெட்டியை வாங்கி வர இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார்கள். வழியெல்லாம் ஜீப்பில் நாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

ஷெட்டுக்குள் நுழைந்தால் பெட்டி தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. அம்புக்குறி தரையைப் பார்க்கிறது. நான் யாரிடம் புகார் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஏ பையா! உல்ட்டா ரக்கா ஹை! சீதா கரோ!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். பெட்டியைப் புரட்டி வைத்தவர்களில் ஒருவர், "அந்தர் க்யா ஹை மேடம், டீவி?" என்று கேட்டார், உள்ளே இருப்பது டீவியா என்று. "மச்லி கின்னே கா மெஷின்" என்றாய். மீனை எண்ணி என்ன செய்வீர்கள், பிடித்துச் சாப்பிடுங்கள் என்று அவர் இந்தியில் சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஜீப்பில் நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் நாம், பேச்சு ஓயவே இல்லை.

அந்த மெஷின் மீனைப் பார்ப்பதில்லை, கேட்கிறது. நம் காதுக்கு எட்டாத சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது மீனின் உடம்பில் பட்டுத் திரும்புவதை வைத்துத் திரையில் படம் போடுகிறது. சோனார் என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். நம் நாலாவில் கேமராவுக்கு வேலையே இல்லை. "சாயத்தண்ணிக்குள்ள எறும்பத் தேடுற மாதிரி" என்பாய். பாலில்லாத டீக்கு உங்கள் வீட்டில் சாயத்தண்ணி என்றுதான் பெயர். உன் அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கும், பிறகு புரோத்ராபூருக்கும் கொண்டுவந்த பல சொற்களில் அதுவும் ஒன்று.

மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் நம் நாலாவை ஆறு என்று ஒத்துக்கொள்வதில்லை. மலையில் அது பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிவிடக்கூடிய ஓடை. கீழே வந்ததும் அலையாத்திக் காட்டுக்குள் அகன்று கிரீக்காகிவிடும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். அதோடு மடவையும் கொடுவாயும் கெளுத்தியும் உள்ளே வந்து, மேய்ந்து, வெளியே போகும். அதை நம்பிப் படகு விடுகிறவர்கள் கிரீக் ஓரத்தில் இருக்கிறார்கள். நம் படகுக்காரர் நிர்மல்தாவும் அவர்களில் ஒருவர்தான்.

சுனாமியில் நிலம் தாழ்ந்ததிலிருந்து அந்த உப்புத் தண்ணீர் வரப்பு தாண்டி வயலுக்குள் வர ஆரம்பித்தது. உன் அண்ணன் நிலமும் அதில் மாட்டியது. கிரீக்கின் குறுக்கே ஒரு கட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். அதில் தப்பே இல்லை. அரசாங்கமும் சரி என்றது. எப்படிப்பட்ட கட்டு என்பதில்தான் வழக்கு. மீன் நிறையப் போய் வருகிறதென்றால் திறந்து மூடுகிற கதவு வைத்துக் கட்ட வேண்டும். பயிர் நிற்கும்போது அளவாகவும், இல்லாதபோது முழுதாகவும் திறக்கலாம். மீனே இல்லையென்றால் மண்ணைக் கொட்டி ஒரேயடியாக அடைத்து, மழைத்தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்தால் முடிந்தது. கதவா, அடைப்பா? எண்ணிச் சொல்லுங்கள் என்று நம்மிடம் பெட்டியைக் கொடுத்தார்கள்.

நிர்மல்தா கரையில் மூங்கில் பரண் கட்டிக் கொடுத்தார். தார்ப்பாய் நிழலில் லேப்டாப். கப்பலில் பயணிகளை ஏற்றும்போது கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி எண்ணுவார்களே, அந்தக் கைக் கருவி ஆளுக்கு ஒன்று. திரையில் மேலே மலைப்பக்கம் ஏறுகிற மீன் என் கணக்கு. கீழே கடல்பக்கம் இறங்குகிற மீன் உன் கணக்கு. நீ இடது கைக்காரி, அதனால் இடது பக்கம் உட்கார்ந்தாய். கிளிக், கிளிக் என்று உன் பக்கம் சத்தம் அதிகமாகக் கேட்டால் கடல் வற்றுகிறது என்று அர்த்தம். நான் தண்ணீரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

ஆரம்பத்தில் நாம் அடித்த கூத்தை நிர்மல்தா இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். மெஷின் செய்தவர்களின் ஊரில் ஆறு ஒரு பக்கம்தான் ஓடும் போல. நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவது எதுவானாலும் அது மீன்தான் என்று கையேட்டில் போட்டிருந்தது. நாமும் நம்பினோம். நம் கிரீக்கில் கடல் ஏறும்போது தண்ணீரே மேலே ஓடுகிறது என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த நாம் இரண்டு பேரும் மறந்துபோனோம். "கொடுவாடி! எவ்வளவு பெருசு பாரு! இன்னொண்ணு! ஐயோ, கூட்டமா ஏறுது!" என்று நீ கத்த, நான் விரல் வலிக்க அமுக்கிக்கொண்டே இருந்தேன். நிர்மல்தா துடுப்பால் ஒரு கொடுவாயைத் தட்டிக் கரையில் போட்டார். தேங்காய் மட்டை. "மேடம் லோக், ஜோவார் மே மட்டைபி ஊப்பர் ஜாத்தா ஹை" என்றார், கடல் ஏறினால் மட்டையும்தான் மேலே போகும் என்று. அன்று எண்ணியதை எல்லாம் அழித்தோம்.

அன்றைக்குத்தான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டாய். "வாலாட்டுதான்னு பாரு. ஆட்டுனாத்தான் மீனு. சும்மா இழுத்த இழுப்புக்குப் போறதெல்லாம் மட்டை." அதற்குப் பிறகு நம் கணக்கில் மட்டை நுழையவே இல்லை. ஆபீசிலும் நீ அதே சட்டத்தை வைத்து ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்தாய். மீட்டிங்கில் யாராவது எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்து, "மட்டை" என்பாய். எனக்குச் சிரிப்பை அடக்க வாயில் துப்பட்டாவை வைக்க வேண்டியிருக்கும்.

முதலை வந்த மதியத்தைச் சொல்லாமல் விட்டால் நீ கோபிப்பாய். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தோம். திரையில் நீளமாக ஒன்று மெதுவாக ஏறியது. ஏறி, நடுவில் நின்றது. நான் மரக்கட்டை என்றேன். நீ குனிந்து பார்த்து, "வாலாட்டுது ஜொகரா, ரொம்ப மெதுவா ஆட்டுது" என்றாய். படகிலிருந்த நிர்மல்தா நம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "ஊப்பர் சடோ! பைர் ஊப்பர்!" என்று அலறினார். நான் பரண்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தெரிந்த துஆவை எல்லாம் ஓதினேன். நீ கட்டைவிரலை நீட்டி என் கையிலிருந்த கருவியை அமுக்கினாய். மேலே போனது ஒன்று. "முதலையப் போயி எண்ணுறியே, பைத்தியமாடி?" என்றேன். "அதுவும் தண்ணியோட வந்து தண்ணியோட போவுதுல்ல? அதுக்கும் இது வீடுதான்" என்றாய். பிறகு நான் அதைக் கணக்கிலிருந்து எடுத்தேன். எடுத்தது உனக்குத் தெரியும். ஒரு வாரம் என்னை மட்டை என்றாய்.

கணக்கை ஆபீசில் கொடுத்தோம். என் எண்ணும் உன் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஏறியவை கூட்டம் கூட்டமாக, இறங்கியவையும் அப்படியே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளுக்கொரு திசையை எண்ணியும் இப்படிப் பொருந்துகிறதே என்று. பெரிய சார் மெயின்லேண்டிலிருந்து டெபுடேஷனில் வந்தவர், மோசமானவர் இல்லை, அவசரக்காரர். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப் மைனஸ் டவுன் போட்டா ஜீரோ வருதே. அப்ப மைக்ரேஷனே இல்லைன்னு எழுதிடலாம்" என்றார்.

எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமானது. உனக்கு உடனே புரிந்துவிட்டது. உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

"சார், ஏறுனதுலேருந்து எறங்குனத ஏன் கழிக்கிறீங்க?"

"உலகம் பூரா அப்படித்தான் எண்ணுறாங்க மேடம். மேனுவல்ல போட்டிருக்கு."

"அந்த ஒலகத்துல மீனு மேல போயி முட்டை போட்டுட்டு அங்கேயே செத்துப் போவுது சார். எங்க மீனு மேல போயி சாப்புட்டு வீட்டுக்கு வருது. உசுரோட திரும்பி வந்த குத்தத்துக்கு அத இல்லன்னு எழுதுவீங்களா?"

"எமோஷனலா பேசாதீங்க."

"நீங்க காலையில வீட்டுலேருந்து கெளம்பி ஆபீஸ் வர்றீங்க. சாயங்காலம் போறீங்க. கழிச்சிப் பாருங்க சார். நீங்களும் ஜீரோதான்."

நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் நீ நிற்காமல் நடந்தாய். கேன்டீனில் டீயை வைத்துவிட்டு, நான் கேட்காமலே உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில் கூடையில் எடை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிக் கூலிதான், போடுவார்கள் என்று. பகலெல்லாம் மழையில் நின்ற ஆள் கணக்கில் பாதி ஆள்தான். "அப்புறம் ரெண்டு நாடும் ஒக்காந்து எங்கள ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சிக்கிட்டாங்க. அங்க கழிச்சாங்க, இங்க கூட்டுனாங்க. எங்கம்மா அந்தக் கணக்குல வந்தவ. அரைப் பேரு போட்ட தொரைகூட தேவல ஜொகரா. இந்தாளு முழுசா அடிச்சிட்டான்." இதைச் சொல்லும்போது நீ அழவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "விட மாட்டேன்" என்றாய்.

நீ விடவில்லைதான். ஆபீசில் சண்டை, வீட்டில் அதைவிடப் பெரிய சண்டை. புரோத்ராபூரில் உன் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்திருந்த அன்று உன் அண்ணன் வயலிலிருந்து வந்தார். கையில் ஒரு பிடி மண். வாசலில் அதைப் போட்டார். அந்த மண்மேலெல்லாம் வெள்ளை உப்பு பூத்திருந்தது.

"மீனுக்கு வக்காலத்து வாங்குறியே, நான் ஒனக்கு யாரு?"

"அண்ணன். அதான் சொல்லுறேன், கட்டு கேளு. கதவோட கேளு."

"கதவுன்னா டெண்டரு, அது இதுன்னு வருசம் ஓடிரும். அதுக்குள்ள என் மண்ணு செத்துரும். மண்ணக் கொட்டி அடைக்கிறேன்னு அவனே சொல்லுறான். நீ குறுக்க படுக்கிற."

"அடைச்சா நிர்மல்தா மாதிரி ஆளுங்க என்னா செய்வாங்க? ஒன் மண்ணும் உசுரு, அந்தத் தண்ணியும் உசுரு. ஒண்ணக் கொன்னுதான் இன்னொண்ணு பொழைக்கணுமா?"

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் என்னை வதைத்தது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் கோவம் எனக்குத் தெரியும், நாளைக்கு மீன் கொழம்பு வச்சா வந்துருவான்" என்றாய். எந்த மீன் என்று நான் கேட்டேன். முறைத்தாய்.

பிறகு உன் வயிற்று வலி. முதலில் கேஸ் என்றாய். அப்புறம் பரணில் ஒரு பக்கம் சாய்ந்தபடியே எண்ணினாய். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் உன் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தியபோது நீ திரையை எட்டிப் பார்த்து, "இதுவும் நம்ம மெஷின்தான்டி, சத்தம் அனுப்பிப் பாக்குது" என்று என்னிடம் சொன்னாய். உண்மைதான். ஒரே வித்தை. அந்தத் திரையில் இருந்ததை மட்டும் எப்படியாவது மட்டை என்று சொல்லிவிட முடியாதா என்று நான் நின்றேன். மெயின்லேண்டுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

விமான நிலைய வாசலில் உன் அண்ணன் பைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து இடது கைக் கருவியை வைத்தாய். "நான் வர்ற வரைக்கும் ரெண்டையும் நீயே அமுக்கு. எறங்குறத விட்டுறாத. யாரு சொன்னாலும் கழிக்காத." வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றாய். நான் வீட்டுக்கு வந்து லம்பா லைன் மொட்டை மாடியில் நின்றேன். உன் விமானம் தலைக்குமேல் போனது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகியது, அத்தா பேச்சைக்கூட நிறுத்த மாட்டார். அன்று எனக்கு அது பழகாத சத்தமாக இருந்தது.

உன் அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். உன் சாம்பலைச் சென்னைக் கடலிலேயே கரைத்துவிட்டதாகச் சொன்னார். "கடலு ஒண்ணுதானே" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குத் தெரிந்த முறையில் உனக்காகக் கையேந்தினேன். நீ பார்த்திருந்தால், ரெண்டு சாமிகிட்டயும் சிபாரிசா என்று கிண்டல் செய்திருப்பாய்.

அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் உனக்கு இரண்டு வரி இரங்கல், கட்டம் கட்டி. உள்ளே, நீ எண்ணியது முழுவதும் நான் எண்ணியதிலிருந்து கழிக்கப்பட்டு ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயிலில் பரணில் உட்கார்ந்து நாம் கிளிக் கிளிக் என்று அமுக்கியது, நிர்மல்தா சிரித்தது, முதலை, வலியோடு நீ சாய்ந்து எண்ணியது, எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. நான் இருப்பதையும் நீ போனதையும் வைத்துக் கழித்து விடை எழுதிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உன் கோபம் வந்தது. என் கோபம் இல்லை, உன்னுடையது. காது மடல் சுட்டது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பெரிய சார் முதலில் சிரித்தார். பிறகு, கேம்பல் பேயில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, போக விருப்பமா என்று கேட்டார். தெற்குக் கோடித் தீவில் இருக்கிற ஊர். "அங்கயும் கடல் ஏறும், எறங்கும் சார். அங்கயும் ரெண்டாத்தான் எழுதுவேன்" என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் எண்களைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் பையைத் தூக்கியவள் நான்.

இப்போது நேற்றுக்கு வருகிறேன்.

பஞ்சாயத்து ஹாலில் கூட்டம். ஒரு பக்கம் விவசாயிகள், இன்னொரு பக்கம் படகுக்காரர்கள், நடுவில் இன்ஜினியர் வரைபடத்தை விரித்துக்கொண்டு. பெரிய சார் மைக்கைப் பிடித்து, மீன் போக்குவரத்து இல்லை என்று ஆய்வு சொல்கிறது, மண் கட்டே போதும் என்றார். விவசாயிகள் கை தட்டினார்கள். நான் எழுந்தேன். இரண்டு கருவிகளையும் மேஜைமேல் வைத்தேன்.

"இது ஏறுனது. இது எறங்குனது. எண்ணுனது நாங்க ரெண்டு பேரு. இதுல ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிக்க எங்கள்ல யாரும் சம்மதிக்கல."

"மேடம், அவங்க இப்ப இல்லையே" என்றார் சார், மெதுவாகத்தான் சொன்னார்.

"அவங்க எண்ணுனது இருக்கு."

"சரி, ஒரே நம்பரா சொல்லுங்க. ஜனங்களுக்குப் புரியணும்ல?"

"ஜனங்களுக்குப் புரியும் சார். இந்த ஹாலுக்கு வந்தவங்க எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாங்க. அதுக்காக இன்னைக்குக் கூட்டத்துக்கு யாருமே வரலன்னு எழுதுவீங்களா?"

பின்வரிசையில் நிர்மல்தா பலமாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அதை வங்காள மொழியில் சொல்ல, இன்னொருவர் தெலுங்கில் கேட்க, சிரிப்பு ஹால் முழுக்கப் போனது. சார் கையை உயர்த்தினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உன் அண்ணன் எழுந்து நின்றார். இவர் வாயைத் திறந்தால் தீர்ந்தோம் என்று நினைத்தேன்.

"எனக்குக் கட்டு வேணும்" என்றார். விவசாயிகள் மறுபடியும் கை தட்டினார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்து, கை தட்டல் அடங்கும்வரை நின்றார். "கதவோட வேணும். மண்ணு லாரி கிரீக்குக்குப் போவணும்னா என் நெலத்து வழியாத்தான் போவணும். கதவில்லாத கட்டுக்கு ஒரு லாரியும் உள்ள வராது. வந்தா நான் குறுக்க படுப்பேன்."

"மண் கட்டு வேணும்னு நீங்கதானேப்பா முதல்ல கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் இன்ஜினியர்.

"போட்டேன். அப்ப எந்தங்கச்சி இருந்தா, எங்கூட சண்டை போட. இப்ப அவ சண்டைய யாரு போடுறது?"

அவர் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைப்பதுபோல. அதற்குமேல் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன், அந்த இடத்தில் உடைய எனக்கு இஷ்டமில்லை.

நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். கதவு வைத்து ஒரு வரைபடம் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். போடுவார்களோ, அலமாரியில் போட்டுப் பூட்டுவார்களோ, யாருக்குத் தெரியும். அதுவரை உப்பு உன் அண்ணன் வயலுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும், அவர் அதைத் தெரிந்துதான் சொன்னார். ஏறியதையும் இறங்கியதையும் தனித்தனியாகக் காட்டி மறுபடி ஒரு முறை எண்ணிக் கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. கேம்பல் பே பேச்சு இப்போதைக்கு எழவில்லை. எழுந்தால் பார்த்துக்கொள்வோம்.

அதற்காகத்தான் இன்று பெட்டியைத் திறந்தேன். மெஷினைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, இப்போது பரணில் உட்கார்ந்திருக்கிறேன். கேபிளில் உன் முடி ரப்பரை நான் கழற்றவில்லை. தேங்காய் எண்ணெயும் தடவினேன், கேபிள் கெட்டால் கெடட்டும். உன் இடத்தில் ஆள் போடவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். வலது கையில் என்னுடையது, இடது கையில் உன்னுடையது. என் இடது கட்டைவிரல் சுத்த சோம்பேறி. ஏறுகிற மீனை நான் விடுவதில்லை, இறங்குகிற மீன்தான் நழுவப் பார்க்கிறது. "இரு, இரு" என்று திரையைப் பார்த்துக் கத்துகிறேன். நிர்மல்தா படகிலிருந்து, "கிஸ்கோ சில்லாத்தா மேடம்?" என்று கேட்கிறார், யாரைக் கத்துகிறீர்கள் என்று. உன்னைத்தான் என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்சம் முன்னால் நீளமாக ஒன்று ஏறியது. மெதுவாக வாலாட்டியது. காலைத் தூக்கிப் பரண்மேல் வைத்துக்கொண்டு, அமுக்கினேன். இந்த முறை அதை நான் எடுக்கப் போவதில்லை.

இப்போது கடல் வற்ற ஆரம்பித்திருக்கிறது. இனி உன் கைக்குத்தான் வேலை. ஒவ்வொன்றாக இறங்குகின்றன, கூட்டமாக, உயிரோடு, வீட்டுக்கு. கட்டைவிரல் வலிக்கிறது. வலிக்கட்டும். நீ போனாய், திரும்பி வரவில்லை. என்னிலிருந்து உன்னைக் கழித்து ஒரு விடை எழுதச் சொல்லி யார் வேண்டுமானாலும் வரட்டும். இரண்டு கையிலும் இருக்கும் கருவிகளை நீட்டிக் காட்டுவேன்.